எடுத்த இடத்தையும் பார்க்க வேண்டும்

மறுசீரமைப்பு அறுவை சிகிச்சையில் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு காயங்கள் உண்டு. ஒன்று அவர் எங்களிடம் கொண்டு வருவது: விபத்தில் சிதைந்த கால், புற்றுநோய்க்காக அகற்றப்பட்ட தாடை, தீயில் வெந்து சுருங்கிய கழுத்து. மற்றொன்று நாங்களே உண்டாக்குவது: முதல் காயத்தை மூடுவதற்கான தோலையோ தசையையோ எலும்பையோ அவருடைய உடலின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கிறோமோ அந்த இடம். ஒரு நுட்பம் தேர்ந்த கைகளில் எப்படி மெருகேறுகிறது என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் கேட்கும்போதெல்லாம், இரண்டாவது காயத்தைக் கவனியுங்கள் என்றே சொல்லி வருகிறேன். கடந்த நூறு ஆண்டுகளில் இத்துறை கண்ட பெரிய முன்னேற்றங்களில் பல, "இதற்கு இவ்வளவு எடுக்கத்தான் வேண்டுமா?" என்று யாரோ ஒருவர் விடாமல் கேட்டதால் வந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

இதைப் பின்தொடர ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் போதும். தோல் ஒட்டு என்பது ஓரிடத்திலிருந்து முழுமையாக அறுத்தெடுத்து வேறோர் இடத்தில் பரப்பி வைக்கப்படும் தோல். அதற்கெனச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது என்பதால், வைத்த இடத்திலிருந்து நுண்குழாய்கள் அதற்குள் வளர்ந்து வந்தால்தான் அது பிழைக்கும். மேல்சவ்வு உரிந்த எலும்பின் மேலோ, உறை இழந்த தசைநாணின் மேலோ அப்படிப்பட்ட ஒட்டு நிற்காது. அங்கே தேவைப்படுவது திசு மடல், நாங்கள் அன்றாடப் பேச்சில் ஃபிளாப் என்று சொல்வது. தன் தமனியையும் சிரையையும் தன்னோடு சுமந்து வரும் தோல், கொழுப்பு, தசை, சில சமயம் எலும்பு. மடலின் உயிர் அந்தக் குழாய்களில் இருக்கிறது. ஆகவே இத்துறையின் வரலாறு, ரத்தம் எந்த வழியாகத் தோலை வந்தடைகிறது என்பதை மனிதர்கள் சிறிது சிறிதாகக் கண்டறிந்த வரலாறாகவும் இருக்கிறது.

மூக்கைச் சீரமைக்கும் நெற்றி மடலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மிகப் பழைய முறையாக இருந்தும் இன்றுவரை முதலிடத்தில் இருப்பதால், ஒரு நுட்பம் எவ்வளவு நீண்ட காலம் மெருகேறிக்கொண்டே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சுஸ்ருத சம்ஹிதை கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கு அமைப்பதை விவரிக்கிறது. நெற்றித் தோலைப் பயன்படுத்தும் முறை இந்தியாவில் பின்னர் பரம்பரைத் தொழிலாகக் கைமாறி வந்தது. 1794-ல் லண்டனில் ஜென்டில்மேன்ஸ் மேகசின் என்ற இதழில், புனே அருகே நடந்த அத்தகைய ஓர் அறுவையைப் பற்றிய கடிதம் படத்துடன் வெளியானது. மூக்கில் எஞ்சியிருந்த பகுதியின் மேல் மெல்லிய மெழுகுத் தகட்டைப் பொருத்தி, பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, ஓரத்தைக் கோடாக வரைந்து அந்த அளவுக்குத் தோலை எடுத்தார்கள் என்றும், கண்களுக்கிடையே ஒரு சிறு பட்டையை மட்டும் இணைப்பாக விட்டு, ஏறத்தாழ 25-ஆம் நாள் அதை அறுத்தார்கள் என்றும் அந்தக் கடிதம் சொல்கிறது. ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் அறுவை மருத்துவர் இந்தச் செய்தியை அறிந்ததும் கத்தியை எடுத்துவிடவில்லை. இறந்தோரின் உடல்களில் செய்து பழகினார். தகுந்த நோயாளி வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1814-ல் முதல் அறுவையைச் செய்து, 1816-ல் இரு நோயாளிகளின் விவரங்களை நூலாக வெளியிட்டார்.

மெழுகு இருந்த இடத்தில் இன்று தையல் நூல் உறையின் அலுமினியத் தாள் இருக்கிறது. அதை முகத்தின் நல்ல பக்கத்து மூக்குத் துளைச் சுவரின் மேல் அழுத்தி, வளைவுகள் பதிந்ததும் கத்தரித்து, புரட்டிப் போட்டு இழந்த பக்கத்துக்கு அளவு பார்க்கிறோம். ஆனால் பழைய முறையில் ஒரு குறை இருந்தது. நெற்றித் தோல் வெளிப்புறத்தை மூடியதே தவிர, உட்புறத்துக்கு உறை இல்லை. எனவே மாதங்கள் செல்லச் செல்ல அந்த மூக்கு உள்நோக்கிச் சுருங்கி, துளைகள் அடைபட்டுப் போயின. மூக்கு என்பது உட்சவ்வு, குருத்தெலும்புச் சட்டகம், வெளித்தோல் என்ற மூன்று அடுக்குகளால் ஆனது, மூன்றையும் தனித்தனியாகத் திருப்பித் தர வேண்டும் என்ற தெளிவு வரவே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1985-ல் கேரி பர்கெட், ஃபிரெடரிக் மெனிக் ஆகிய இருவரும் அடுத்த அடியை வைத்தார்கள். மூக்கின் நுனி, பக்கச் சுவர், துளையின் விளிம்பு எனக் கண் தானாகப் பிரித்தறியும் பகுதிகள் உள்ளன. அவற்றில் ஒன்றின் பெரும்பகுதி போய்விட்டால், மிஞ்சியிருக்கும் சிறு பகுதியையும் நீக்கிவிட்டு அந்தப் பகுதி முழுவதையும் ஒரே துண்டாக அமைத்தால், தழும்பு பகுதிகளின் எல்லைக் கோட்டில் ஒளிந்துகொள்ளும் என்றார்கள். நல்ல திசுவை வெட்டி எறிவதா என்ற எதிர்ப்பு இயல்பாகவே எழுந்தது. ஆயினும் முடிவுகளை அருகில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு விடை தெளிவாகத் தெரியும்.

இதே மடலில் நெற்றிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நெற்றியின் நடுப்பகுதியை அகலமாக எடுத்தால்தான் மடல் பிழைக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. புருவத்தின் உள்முனையருகே எழும்பும் ஒரு சிறு தமனியே இந்த மடலைக் காக்கிறது என்று தெரிந்தபின், இணைப்புப் பட்டையின் அகலம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டராகக் குறைந்தது. பட்டை குறுகியதால் அது எளிதாகத் திரும்பியது. எளிதாகத் திரும்பியதால் அதே நீளம் மூக்கின் நுனிவரை எட்டியது. நெற்றியின் கீழ்ப்பகுதியை நேர்கோட்டில் தைத்து மூடவும் முடிந்தது. மேலே முடிக்கோட்டருகே மூட முடியாமல் எஞ்சும் இடத்தைத் தோல் ஒட்டு வைக்காமல் திறந்தே விட்டு, களிம்புக் கட்டில் ஆறவிடுவதையே நான் விரும்புகிறேன். சில வாரங்களில் அது சுருங்கி ஆறி, ஒட்டு வைத்த திட்டைவிடக் கண்ணுக்கு இதமாக அமைகிறது.

முதல் உலகப் போர் இத்துறையை உருவாக்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். காயங்களின் எண்ணிக்கை மட்டும் அதற்குக் காரணமாகிவிடாது. இங்கிலாந்தின் சிட்கப்பில் இருந்த மருத்துவமனையில் ஹாரால்ட் கில்லிஸ் ஒரே வகையான முகக் காயங்களை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்தார். பல் மருத்துவர், மயக்க மருந்து வல்லுநர், ஓவியர் எல்லோரையும் தன்னோடு வைத்துக்கொண்டார். ஒவ்வோர் அறுவைக்கு முன்னும் பின்னும் படமும் வார்ப்பும் எடுக்கச் செய்தார். ஹென்றி டோங்க்ஸ் என்ற ஓவியர், தானும் அறுவை மருத்துவராகப் பயின்றவர், அந்தப் போர்வீரர்களின் முகங்களை வண்ணச் சுண்ணத்தில் வரைந்தார். ஒரே சிக்கலைத் தொடர்ந்து பார்ப்பதும், பார்த்ததை மறைக்காமல் பதிவு செய்வதும் சேர்ந்த இடத்தில்தான் நுட்பம் வளர்கிறது.

1917-ல், போர்க்கப்பலில் முகம் வெந்த ஒரு மாலுமிக்கு மார்பிலிருந்து தோல் மடலை மேலே கொண்டுவரும்போது, அதன் ஓரங்கள் உள்நோக்கிச் சுருள்வதைக் கில்லிஸ் கவனித்தார். அந்த ஓரங்களை ஒன்றோடொன்று தைத்தால் மடல் மூடிய குழாயாகிவிடும். பச்சைப் பரப்பு வெளியே தெரியாது, சீழ் பிடிக்காது, காய்ந்து போகாது. ஒடெசாவில் விளாடிமிர் ஃபிலாடோவ் இதே வழியைச் சற்று முன்னதாகத் தனியே கண்டடைந்திருந்தார். குழாய் மடல் பல்லாயிரம் பேருக்கு முகம் தந்தது. ஆனால் வயிற்றுத் தோலை மூக்குக்குக் கொண்டுவர, அதை முதலில் மணிக்கட்டில் ஒட்டி, மூன்று வாரம் காத்திருந்து, வயிற்றிலிருந்து விடுவித்து, பிறகு கையை முகத்தோடு சேர்த்துக் கட்டி, மறுபடியும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நோயாளியின் வாழ்வில் மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. இந்தக் காத்திருப்பும் நாம் நோயாளியிடமிருந்து எடுத்துக்கொள்ளும் ஒன்றுதான் என்பதை அடுத்த தலைமுறையினர் உணர்ந்தார்கள்.

அவர்களுக்குத் தடையாக நின்றது ஒரு கணக்கு. மடலின் நீளம் அதன் அடி அகலத்தைவிட இத்தனை மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று பாடநூல்கள் விதித்திருந்தன. அகலம் கூடினால் நீளமும் கூடும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். 1970-ல் ஸ்டூவர்ட் மில்டன் பன்றிகளில் சோதித்துப் பார்த்து, ஒரே வகை ரத்த ஓட்டம் உள்ள மடல்கள் அகலம் எதுவாக இருந்தாலும் ஒரே நீளம்வரைதான் பிழைக்கின்றன என்று காட்டினார். அகலத்தைக் கூட்டுவதால், அதே தரமுள்ள சிறு குழாய்கள் பக்கவாட்டில் மேலும் சில சேர்கின்றனவே தவிர, ரத்தம் நுனியை நோக்கி மேலும் தூரம் செல்வதில்லை. அந்த அடிக்குள் ஒரு நீண்ட தமனி மடலின் அச்சோடு ஓடுகிறதா என்பதே கேள்வி. 1965-ல் பக்காம்ஜியன் மார்பிலிருந்து எடுத்த நீண்ட மடல், விதியை மீறியும் பிழைத்ததற்கு இதுவே காரணம். 1972-ல் மெக்ரெகரும் ஜாக்சனும் தொடை இடுக்கு மடலை விவரித்தபோது, பெயருள்ள ஒரு தமனியை மனத்தில் வைத்தே கோடு வரைந்தார்கள். அதற்குப் பிறகு அடி அகலத்தை அளப்பதை விட்டுவிட்டுத் தமனியைத் தேடத் தொடங்கினோம்.

தேடும் வேலை உடற்கூற்று அறையில்தான் நடந்தது. ஜெர்மானிய மாணவர் கார்ல் மான்ஷோ 1889-லேயே தோலின் தமனிகளை வரைபடமாக்கியிருந்தார். மிஷேல் சால்மன் 1936-ல் பிரான்சில் இன்னும் விரிவாகச் செய்தார். இரண்டு நூல்களையும் அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் எடுத்துப் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் அந்த வேலையைத் தொடர்ந்தார். இறந்தோரின் தமனிகளில் ஈய ஆக்சைடு கலந்த கரைசலைச் செலுத்தி, தோலை முழுமையாக உரித்தெடுத்து எக்ஸ்ரே எடுத்தால், ஒவ்வொரு குழாயும் வெள்ளைக் கோடாகத் தெரியும். அவரும் பாமர் என்ற சக ஆய்வாளரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் முழுவதும் ஒவ்வொரு மூலத் தமனிக்கும் சொந்தமான முப்பரிமாண நிலப்பரப்புகளாகப் பிரிந்திருப்பதையும், அடுத்தடுத்த நிலப்பரப்புகள் குறுகிய இணைப்புக் குழாய்களால் கோக்கப்பட்டிருப்பதையும் காட்டினார்கள். ஒரு மடல் தன் நிலப்பரப்பைத் தாண்டி அடுத்ததைப் பாதுகாப்பாகப் பிடித்துக்கொள்ளும், அதற்கு அடுத்ததில் சாகத் தொடங்கும் என்பது அந்த வரைபடத்திலிருந்து கிடைத்த நடைமுறை அறிவு. புதிய மடல் ஒன்றை வடிவமைக்க நினைப்பவர் இன்றும் முதலில் போக வேண்டிய இடம் அந்த அறைதான். நோயாளியின் உடலில் தேடக்கூடாது.

தமனியை அறிந்த பின்பு, மடலை அதிலிருந்து முழுமையாகத் துண்டித்து வேறிடத்துக் குழாயோடு தைத்துவிட்டால் காத்திருப்பே தேவையில்லை. அதற்குக் கண்ணும் கையும் தயாராக வேண்டியிருந்தது. 1960-ல் ஜேக்கப்சனும் சுவாரஸும் நுண்ணோக்கியின் கீழ்ச் சிறிய குழாய்களைத் தைத்துக் காட்டினார்கள். ஹாரி பங்கி முயல் காதை அறுத்து மீண்டும் பொருத்துவதற்காக ஆண்டுக்கணக்கில் தோல்விகளைத் தாங்கிக்கொண்டு, தனக்கு வேண்டிய ஊசியையும் நூலையும் தானே உருவாக்கிக்கொண்டார். 1965-ல் ஜப்பானின் கொமாட்சுவும் தமாயும் முழுமையாக அறுந்த கட்டைவிரலைப் பொருத்தினார்கள். 1973-ல் டேனியலும் டெய்லரும் தொடை இடுக்கு மடலைத் துண்டித்து அடிபட்ட காலுக்கு மாற்றியதை வெளியிட்டார்கள்.

இந்த வேலையைக் கற்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் திறமை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இங்கே சிறுசிறு செயல்களாகப் பிரிந்து தெரிகிறது. பயிற்சி மேசையில் முதலில் ரப்பர் தாள், பிறகு கோழிக்காலின் ரத்தக்குழாய், அதன் பிறகே எலியின் தொடைத் தமனி. அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. நூல் 10-0 நைலான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது; நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தால் அது காணாமல் போய்விடும். குழாயின் வெட்டுமுனையில் தொங்கும் வெளிச்சவ்வைக் கத்தரிக்க வேண்டும், ஏனெனில் அதன் ஓர் இழை உள்ளே மாட்டிக்கொண்டால் அங்கே ரத்தம் உறையும். உட்சுவரை இடுக்கியால் ஒருபோதும் பிடிக்கக்கூடாது. ஊசி சுவருக்குச் செங்குத்தாக நுழைய வேண்டும். நுழைந்த இடத்துக்கும் விளிம்புக்கும் இடையிலான தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, முன்சுவரைத் தைக்கும்போது ஊசி பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிடுவது. குழாய் வெளியிலிருந்து அழகாகத் தெரியும், உள்ளே அடைபட்டிருக்கும். தைத்து முடித்ததும் இணைப்புக்கு அப்பால் இரண்டு இடுக்கிகளை அருகருகே வைத்து, நடுவிலுள்ள ரத்தத்தை வழித்துவிட்டு, இணைப்புக்கு அருகிலிருக்கும் இடுக்கியைத் திறந்தால், வெறுமையாய்த் தட்டையான குழாய் உடனே நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் வெட்டியெடுத்துவிட்டு முதலிலிருந்து தைக்க வேண்டும்.

கை நடுக்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நடுக்கம் இல்லாத கை எதுவும் இல்லை. தேர்ந்தவர்கள் முன்கை முழுவதையும் மேசையில் ஊன்றி, விரல்களின் கடைசி மூட்டுகள் மட்டும் அசையும்படி அமர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு தையலுக்கும் தேவையான அசைவுகளைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். அவர்களுடைய கை வேகமாக நகர்வதில்லை, ஆனால் வீணாக ஒருமுறைகூட நகர்வதில்லை என்பதால் வேலை விரைவில் முடிகிறது.

துண்டித்த மடல் சாத்தியமானதும், எடுக்கும் இடத்தைப் பற்றிய கேள்வி முழு வலுவோடு திரும்பி வந்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய மீட்டமைப்பு இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 1982-ல் கார்ல் ஹார்ட்ராம்ப், தொப்புளுக்குக் கீழேயுள்ள தோலையும் கொழுப்பையும், வயிற்றின் நடுவில் செங்குத்தாக ஓடும் தசையோடு சேர்த்து மேலே சுழற்றி, மார்பகம் அமைக்கும் முறையை வெளியிட்டார். மார்பகம் நன்றாகவே அமைந்தது. ஆனால் அந்தத் தசை போனதால் சிலருக்கு வயிறு புடைத்தது, குடலிறக்கம் வந்தது, படுத்த நிலையிலிருந்து எழுவது கடினமாயிற்று. தசை அங்கே என்ன செய்கிறது என்று யோசித்தால், அது மார்பகத்துக்குத் தேவையே இல்லை. தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் அதனூடே துளைத்து வருவதால் மட்டுமே அதை எடுத்தார்கள். முதலில் தசையின் ஒரு துண்டை மட்டும் எடுத்தார்கள். 1989-ல் ஜப்பானின் இசாவோ கோஷிமா, துளைத்து வரும் குழாயைத் தசை நார்களுக்கிடையே பிரித்தெடுத்து, தசையை அங்கேயே விட்டுவிட்டுத் தோலை மட்டும் எடுக்க முடியும் என்று காட்டினார். 1990-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஆலன் அதே வழியில் மார்பகம் அமைத்தார்.

அறுவை அரங்கில் இது எப்படியிருக்கும்? தோலின் கீழ்க் கொழுப்பை ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கிக்கொண்டே வரும்போது, தசையுறையில் ஒரு சிறு பிளவின் வழியாக ஒன்றரை மில்லிமீட்டர் குழாய் ஒன்று, தன் இரு சிரைகளோடு மேலெழுந்து நிற்கும். உறையைப் பிளந்து, தசையின் நார்களை அவற்றின் போக்கிலேயே விலக்கி, ஒவ்வொரு சிறு கிளையையும் கட்டி அறுத்து, அந்தக் குழாயைத் தசையின் அடியிலுள்ள மூலத் தமனிவரை பின்தொடர வேண்டும். வழியில் தசைக்குச் செல்லும் நரம்புகள் குறுக்கிடும்; அவற்றை அறுத்துவிட்டால் தசையை விட்டுவைத்ததில் பொருளில்லை, அது செயலிழந்த சதையாகவே கிடக்கும். இந்த நரம்புகளைக் காப்பதற்காகச் செலவிடும் நேரத்தை வைத்தே ஒரு மருத்துவரின் தரத்தை நான் மதிப்பிடுவேன்.

இதற்கு விலை உண்டு. அறுவை நேரம் கூடுகிறது. ஒரேயொரு சிறு குழாயை நம்பினால், அது மடலின் பரப்பு முழுவதற்கும் போதாமல் போகலாம். அப்போது கொழுப்பின் ஒரு பகுதி இறந்து கட்டியாகிவிடும். 2000-களின் நடுப்பகுதியிலிருந்து அறுவைக்கு முன்பே சிடி ஆஞ்சியோகிராம் எடுத்து, எந்தக் குழாய் பெரியது, தசைக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்து முடிவு செய்வது பல இடங்களில் வழக்கமாயிற்று. குழாய்கள் எல்லாமே சிறியவையாக இருந்தால், தசையின் ஒரு துண்டைச் சேர்த்து எடுப்பதே சரி. அதைப் பின்னடைவாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. முழு மடலையும் இழந்தால் நோயாளிக்கு இரண்டு காயங்களும் மிஞ்சும், மார்பகம் மட்டும் இருக்காது.

தாடை எலும்புக்கும் இதே கதைதான். டெய்லர் 1975-ல் கீழ்க்காலின் மெல்லிய வெளி எலும்பான ஃபிபுலாவை அதன் தமனியோடு மாற்றினார். 1989-ல் ஹிடால்கோ அதைத் துண்டுகளாக வளைத்துக் கீழ்த்தாடையாக்கினார். கணுக்கால் மூட்டு தள்ளாடாமலிருக்கக் கீழ்முனையில் சுமார் 6 சென்டிமீட்டர் எலும்பை விட்டுவைக்கிறோம். வெட்டும் கோணங்களை இப்போது கணினியில் திட்டமிட்டு, முப்பரிமாண அச்சில் வார்த்த வழிகாட்டிச் சட்டங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

எல்லா மெருகேற்றமும் நுண்ணோக்கியால் வருவதில்லை. விரல் நுனி அறுந்தால், மீந்த தோலை முக்கோணமாக வெட்டி முன்னே நகர்த்தி மூடும் முறைகள் 1935 முதலே இருந்தன. ஆனால் அவற்றால் திசு ஒரு சென்டிமீட்டர் நகர்வதே அரிது, சாய்வாக அறுந்த விரலுக்கு அது போதாது. 1980-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் வெங்கடசுவாமியும் அவருடைய சக மருத்துவர் சுப்பிரமணியனும் முக்கோணத்தைச் சாய்வாக, விரலின் பக்கவாட்டில் நீண்டு செல்லும்படி வரைந்தார்கள். அந்தப் பக்கத்து நரம்பும் தமனியும் மடலின் உள்ளேயே இருக்கும்படி விட்டு, மற்ற இழைகளை எல்லாம் விடுவித்தார்கள். மடல் அதிக தூரம் நகர்ந்தது. உணர்வும் கூடவே வந்தது. விரலின் நீளம் காக்கப்பட்டது. திசு எடுத்த இடம் ஒரு நேர்கோட்டுத் தையலாக முடிந்தது. உழைத்துப் பிழைப்பவரின் விரலுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கை அறுவை மருத்துவர்கள் அறிவார்கள். ஒரு கோட்டின் சாய்வை மாற்றியதில் இத்தனையும் கிடைத்தது.

சில நுட்பங்களுக்குத் தேர்வு முடிவு வர இருபது ஆண்டுகள் ஆகும். பிளவு உதட்டைச் சீரமைக்க ரால்ஃப் மில்லார்ட் 1955-ல் முன்வைத்த முறை, உதட்டின் ஒரு பாதியைக் கீழே சுழற்றி, மறுபாதியை அந்த இடைவெளிக்குள் முன்னே நகர்த்துவது. தழும்பு இயல்பான மேலுதட்டு மேட்டின் ஓரமாகவே விழுந்தது. ஆனால் மூன்று மாதக் குழந்தையின் உதடு அறுவை மேசையில் அழகாக இருப்பது போதாது. குழந்தை வளர்ந்து, மேல்தாடை வளர்ந்து, மூக்கு வளர்ந்து முடிந்த பிறகுதான் அந்த வெட்டு சரியா என்பது தெரியும். மில்லார்ட் தன் முறையைத் தானே பலமுறை மாற்றினார். 2005-ல் டொரொன்டோவின் டேவிட் ஃபிஷர், உதட்டின் பகுதிகளின் எல்லைகளை அளந்து வெட்டும் வேறொரு முறையை வெளியிட்டார். தன் நோயாளிகளைப் பதின்ம வயதுவரை தொடர்ந்து பார்க்காத மருத்துவர், பிளவு உதட்டில் எந்த நுட்பத்தையும் மேம்படுத்த முடியாது.

ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் முடித்த வரலாறும் உண்டு. நடுமுகம் பிறவியிலேயே உள்வாங்கிய ஒருவருக்குக் கில்லிஸ் முக எலும்புகளை வெட்டி முன்னே இழுத்தார். 1950-ல் அது வெளியானது, ஆனால் எலும்பு மீண்டும் பின்னோக்கிச் சென்றது. பாரிஸின் போல் டெசியர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, எங்கே தவறியது என்று கண்டறிய உடற்கூற்று அறையில் வெட்டுகளைச் செய்து பழகினார். முன்னே இழுத்தபின் உண்டாகும் இடைவெளிகளில் எலும்பு ஒட்டுகளை இறுக வைத்தால்தான் நிற்கும் என்று கண்டார். நரம்பியல் அறுவை மருத்துவர் கியோவுடன் சேர்ந்து மண்டையோட்டின் உள்வழியாகவும் சென்று, 1967-ல் ரோம் மாநாட்டில் முடிவுகளைக் காட்டினார். கில்லிஸ் தன் தோல்வியை எழுதி வெளியிட்டிருக்காவிட்டால், டெசியருக்குத் தொடங்குவதற்கு ஓர் இடமே கிடைத்திருக்காது.

நம்பிக்கைகள் நுட்பத்தைத் தடுப்பதும் உண்டு. ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் கலந்து, மரத்துப்போக வைக்கும் ஊசியை விரலில் போட்டால் விரல் கருகிவிடும் என்று எனக்கும் கற்பித்தார்கள். 2005-ல் டொனால்ட் லலோண்டும் அவருடைய குழுவினரும் விரலிலும் கையிலும் அப்படி ஊசி போட்ட 3,110 பேரைத் தொடர்ந்து பதிவு செய்து, ஒருவருக்குக்கூட விரல் கருகவில்லை என்று காட்டினார்கள். அதன் பயனாக, முழு மயக்கமோ, ரத்தத்தை நிறுத்தக் கையில் இறுக்கும் பட்டையோ இல்லாமல் தசைநாணைத் தைத்து, மேசையிலேயே விரலை மடக்கி நீட்டச் சொல்லி, தையல் தாங்குகிறதா என்று நோயாளியோடு சேர்ந்து பார்க்க முடிகிறது.

மேலே சொன்ன எல்லாமே அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு மூன்று இரவுகளில் சோதிக்கப்படுகின்றன. செவிலியர் மணிக்கு ஒருமுறை வந்து மடலின் மேல் விரல் வைத்து அழுத்திப் பார்க்கிறார். அழுத்தியதும் வெளுத்து, சுமார் இரண்டு விநாடியில் நிறம் திரும்பினால் நல்லது. வெளிறி, குளிர்ந்து, நிறம் திரும்பாமலிருந்தால் தமனி அடைபட்டிருக்கிறது. நீலம் பாரித்து வீங்கி, அழுத்தியதும் மிக விரைவாக நிறம் திரும்பினால் சிரை அடைபட்டிருக்கிறது. இதுவே அதிகம் நிகழ்வது, இதுவே புதியவர்களை ஏமாற்றுவதும்கூட, ஏனெனில் நிறைந்த நிறத்தைப் பார்த்து நல்ல ரத்த ஓட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஊசியால் குத்தினால் கருஞ்சிவப்பு ரத்தம் சட்டென்று வழியும். சில மணி நேரத்துக்குள் அரங்குக்குத் திரும்பினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இந்த வேறுபாட்டை நள்ளிரவில் அறிந்து தொலைபேசியை எடுக்கும் செவிலியரும் அந்த நுட்பத்தின் ஒரு பகுதி.

இன்று மிக வேகமாக மாறிவரும் பகுதி நிணநீர் அறுவை. கோஷிமாவும் பிறரும் அரை மில்லிமீட்டர் அளவுள்ள நிணநீர்க் குழாய்களைச் சிறு சிரைகளோடு இணைத்து, புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வீங்கிய கைகால்களின் வீக்கத்தைக் குறைக்கிறார்கள். தொடை இடுக்கிலிருந்து நிணநீர் முடிச்சுகளை அக்குளுக்கு மாற்றும் முறையும் இருக்கிறது; ஆனால் அப்படி எடுத்ததால் சிலருக்குக் கால் வீங்கியது, கையின் நோய் காலுக்குப் போனது. இப்போது அறுவைக்கு முன் கால் விரலிடுக்கில் கதிரியக்கக் குறிப்பொருளையும், அடிவயிற்றில் ஒளிரும் சாயத்தையும் செலுத்துகிறார்கள். சாயம் சேரும் முடிச்சுகள் வயிற்றுத் தோலின் நிணநீரை வடிப்பவை, அவற்றை எடுக்கலாம். காலிலிருந்து வந்த குறிப்பொருள் கருவியில் ஒலிக்கும் முடிச்சுகளைத் தொடாமல் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.